பாதை முதலா, பயணி முதலா?

திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் ஏறி, வேதகிரீசுவரர் கோயில் வாயிலில் நின்று கீழே நோக்கினால், ஊரும் தாழக்கோயிலின் கோபுரங்களும் சங்கு தீர்த்தமும் அப்பால் வயல்களும் ஏரிகளும் கண்ணுக்கு இனிய காட்சியாக விரியும். இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றால் செங்கல்பட்டு. கிழக்கே ஏறத்தாழ அதே தொலைவு சென்றால் மாமல்லபுரம். மலையும் உண்டு, குளமும் உண்டு, சற்றுத் தொலைவில் கடலும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று; அதுதான் இருப்புப்பாதை. எங்கள் ஊர்க்காரர் ரயிலேற வேண்டுமானால் பேருந்தில் செங்கல்பட்டுக்குச் சென்றுதான் ஏற வேண்டும்.

நான் இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தென்னாட்டில் முதல் ரயில் ஓடிய செய்தியைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, ஓர் ஊரிலே மக்கள் நிறைய இருப்பதனால் ரயில் வருகிறதா? அல்லது ரயில் வருவதனால் மக்கள் நிறைய வருகிறார்களா?” என்று கேட்டாள். நான் சிறிதும் தயங்காமல், “மக்கள்தான் முதலில், அம்மா. ஆளில்லாத இடத்திற்கு யார் தண்டவாளம் போடுவார்கள்?” என்று விடை சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டேன். நான் அன்று சொன்னது பாதி விடை என்பதைப் பிற்பாடு உணர்ந்தேன். அதை உணர்த்தியவளும் அந்த மாணவியே. எவ்வாறு உணர்த்தினாள் என்பதை இறுதியில் சொல்கிறேன். முதலில், அவள் கேட்ட கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ரயில் ஓடத் தொடங்கிற்று. தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை அதுவே. 1870களில் செங்கல்பட்டு வழியாகத் தெற்கு நோக்கி மீட்டர் அகலப் பாதை அமைந்தது. இவை நகர மக்கள் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவதற்காகப் போடப்பட்டவை அல்ல. துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைப்பதும், சரக்குகளையும் படைகளையும் கொண்டு செல்வதும் அவற்றின் முதல் நோக்கங்கள். ஆயினும் பாதை அமைந்தபின் அதனை மக்கள் தமக்கு வேண்டியவாறு பயன்படுத்திக்கொண்டனர். திருக்கழுக்குன்றத்திற்கு வந்த யாத்திரிகர்கள் செங்கல்பட்டில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து மலையடிவாரம் வந்து சேர்ந்தார்கள். உச்சிப்பொழுதிலே கழுகுகள் வந்து அமுதுண்ணும் காட்சியைக் காண வந்தவர்கள் அவர்கள். பாதை போட்டவர்கள் ஒன்றை எண்ணிப் போட, அது வேறு பலவற்றிற்கும் உதவியது. இச்செய்தியை நாம் மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நகரத்துக்குள்ளும் நகரத்தைச் சுற்றியும் ஓடும் ரயிலைப் பற்றிப் பார்ப்போம். உலகத்தின் முதல் நிலத்தடி ரயில் இலண்டன் மாநகரில் 1863-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. வெளியூர்களிலிருந்து வந்த பெரிய ரயில்கள் நகரின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. அங்கிருந்து வணிகப் பகுதிக்குச் செல்லும் தெருக்களில் குதிரை வண்டிகள் நகர முடியாதபடி நெரிசல். எனவே தெருவுக்குக் கீழே பாதை தோண்டினார்கள். முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் அதில் சென்றார்கள். இங்கே கூட்டம் முன்னமே இருந்தது. பாதை பின்னால் வந்தது. நான் வகுப்பில் சொன்ன விடைக்கு இது நல்ல சான்று.

ஆனால் அப்பாதைக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய சார்லஸ் பியர்சன் என்பவரின் மனத்தில் வேறோர் எண்ணமும் இருந்தது. நெரிசலான சேரிகளில் வாடும் தொழிலாளர் நகருக்கு வெளியே நல்ல காற்றுள்ள இடத்தில் குடியிருந்து, நாள்தோறும் ரயிலில் வேலைக்கு வரவேண்டும் என்று அவர் விரும்பினார். பாதை திறப்பதற்கு முன், 1862-இலேயே அவர் காலமாகிவிட்டார். இருக்கிற கூட்டத்தைச் சுமப்பது ஒரு நோக்கம். இல்லாத குடியிருப்பை உண்டாக்குவது மற்றொரு நோக்கம். முதல் நகர ரயில் பிறந்தபோதே இவ்விரண்டு நோக்கங்களும் இரட்டைப் பிள்ளைகளாய் உடன் பிறந்தன எனலாம்.

நம் சென்னைக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுதான். 1953-ஆம் ஆண்டு வரையில் அது ஓடியது. துறைமுகத்தையும் கடைவீதிகளையும் பழைய குடியிருப்புகளையும் அது இணைத்தது. ஆட்கள் இருந்த தெருக்களிலேயே பெரும்பாலும் அது சென்றது. ஆகவே டிராம் தேவையைப் பின்தொடர்ந்த வண்டி.

அடுத்து வந்ததுதான் நமது ஆராய்ச்சிக்கு மிகவும் முக்கியமானது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மின்சார ரயிலையே குறிப்பிடுகிறேன். 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அப்போதைய ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதனைத் தொடங்கிவைத்தார். மே 11-ஆம் நாள் முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்தனர். பம்பாயில் 1925-ஆம் ஆண்டே அகலப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் மீட்டர் பாதையில் மின்சாரத்தால் ஓடிய வண்டி இந்தியாவில் இதுவே முதலாவது. பாதையின் நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர்.

அன்றைய தாம்பரத்தை மாணவர்கள் மனக்கண்ணால் காண முயல வேண்டும். இன்று மேம்பாலங்களும் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் அன்று ஏரிகளும் காடும் சில சிற்றூர்களுமே இருந்தன. சென்னையிலே உத்தியோகம் பார்த்த ஒருவர் தாம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு நாள்தோறும் போய்வரலாம் என்பது அதற்கு முன்பு எளிதில் எண்ணக்கூடிய செய்தி அன்று. நிராவி வண்டிகள் அவ்வழியே ஓடின என்பது உண்மைதான். ஆனால் அடிக்கடி வராத வண்டியை நம்பி ஒருவர் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியாது. மின்சார வண்டி விரைவாகக் கிளம்பும், விரைவாக நிற்கும், ஆகையால் நெருக்கமாக நிலையங்கள் வைக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகளை விடலாம். இதனோடு மாதச் சீசன் டிக்கெட்டும் சேர்ந்தபோது, சிறு சம்பளக்காரரும் நகரத்துக்கு வெளியே குடியிருக்கத் துணிந்தனர்.

1937-ஆம் ஆண்டு, அதுவரை சென்னைப் பாரிமுனைக்கு அருகில் இருந்த கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரியை இடம் மாற்றும் எண்ணம் ரயிலாலேயே பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாணவரும் ஆசிரியரும் எளிதில் போய்வர வழியில்லாத ஒரு காட்டிலே பெரிய கல்லூரியை நிலைநிறுத்துவது எளிதான செயல் அன்று. அப்பாதையை ஒட்டியே குரோம்பேட்டை வளர்ந்தது, பல்லாவரம் பெருகியது. 1958-ஆம் ஆண்டு கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தபோது, தொழிலாளரைக் கொண்டுவந்து இறக்க ரயில் நிலையம் அருகிலேயே இருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னே போட்ட மின்சாரப் பாதை, தான் பிறந்தபோது இல்லாத தொழிலுக்கெல்லாம் ஆள் கொண்டு சேர்த்தது. இதைக் கண்டபின், “மக்கள்தான் முதலில்” என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

நான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலத்தில் இதனை நேரில் கண்டேன். வார இறுதியில் ஊருக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து மின்சார வண்டியில் செல்வேன். கையிலே சாப்பாட்டுப் பையும் செய்தித்தாளுமாக நிற்கும் எழுத்தர்களோடும் தொழிலாளர்களோடும் பேச்சுக் கொடுப்பது என் வழக்கம். அவர்களில் பலருக்குத் தாம்பரம் சொந்த ஊர் அன்று. தஞ்சாவூர், திருநெல்வேலி, வடஆர்க்காடு என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள். “இங்கே ஏன் வீடு பார்த்தீர்கள்?” என்று கேட்டால், “வண்டி இருக்கிறதே, தம்பி!” என்ற ஒரே விடைதான் வரும்.

ஆயினும் அவசரப்பட்டு மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. இதே பாதையில் உள்ள மாம்பலத்தைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்திற்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்தபின், அவ்வேரியின் நிலத்தைத் தூர்த்துத் தெருக்கள் வகுத்து, நடுவே பூங்கா அமைத்து, ஒரு புதிய நகர்ப்பகுதியை உண்டாக்கினார்கள். சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. இந்த வேலை மின்சார வண்டி ஓடுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கே ரயில் தனியாக வளர்ச்சியைப் படைக்கவில்லை. தெரு, மனை, குடிநீர், பூங்கா ஆகியவற்றை வகுத்த நகரமைப்பு ஒரு கை; மின்சார வண்டி மற்றொரு கை. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஓசை எழுந்தது. இன்று மாம்பலம் நிலையத்து வாயிலில் தொடங்கும் ரங்கநாதன் தெருவில் பண்டிகை நாளில் நடக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் எவ்வளவு ரயில் கொணர்ந்தது, எவ்வளவு கடைகள் ஈர்த்தன என்று இனிப் பிரித்துக் கூறுவது பாலில் கலந்த நீரைப் பிரிப்பது போன்றதே.

இவ்விரு கைகளையும் ஒருவரே வைத்துக்கொண்டு வேலை செய்த வரலாறும் உண்டு. சப்பான் நாட்டில் ஒசாகா நகரை அடுத்து, 1910-ஆம் ஆண்டு ஒரு மின்சார ரயில் தொடங்கப்பட்டது. கோபயாஷி இச்சிசோ என்பவர் அதனை நடத்தினார். பாதை சென்ற இடங்களில் பெருங்கூட்டம் இல்லை. அவர் என்ன செய்தார்? வழியிலே நிலம் வாங்கினார். இக்கேடா என்னும் ஊரில் வீடுகள் கட்டினார். தவணை முறையில் நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்றார். பாதையின் மறுமுனையான தக்கராசுக்காவில் வெந்நீர்க் குளியலிடம் அமைத்து, 1914-இல் பெண்களே நடிக்கும் நாடகக் குழுவின் முதல் ஆட்டத்தை அரங்கேற்றினார். 1929-இல் நகரத்து முனையில் பெரிய பண்டகசாலை ஒன்றைத் திறந்தார். காலையில் வேலைக்குச் செல்வோர் ஒருபுறமும், விடுமுறை நாளில் கேளிக்கைக்குச் செல்வோர் மறுபுறமுமாக வண்டிகள் நிறைந்தன. இலண்டனிலும் முன்சொன்ன நிலத்தடி ரயில் நிறுவனமே, பிற்காலத்தில் தன் பாதையை நாட்டுப்புறம் வரை நீட்டி, வழியிலிருந்த நிலங்களில் குடியிருப்புகளை வளர்த்தது. 1915 முதல் அப்பகுதிக்கு மெட்ரோலாண்ட் என்று பெயர் சூட்டி விளம்பரமும் செய்தது. பயணியைத் தேடிப் பாதை செல்லவில்லை. பாதையே பயணியை வளர்த்தது.

அப்படியானால், பாதை போட்டால் போதும், கூட்டம் தானாக வரும் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் நமது சென்னையே மறுமொழி தருகிறது. மக்கள் ‘பறக்கும் ரயில்’ என்று அழைக்கும் உயர்மட்ட ரயில் 1995-ஆம் ஆண்டு கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997-இல் திருமயிலை வரையிலும், 2004-இல் திருவான்மியூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் அது நீண்டது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் தூண்களின்மீது செல்கிறது. நிலையங்களோ மாளிகைகள் போலப் பெரியவை. ஆயினும் நெடுங்காலம் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. காரணம் என்ன? கால்வாய்க் கரை எளிதாகக் கிடைத்த இடம். மக்கள் நாள்தோறும் புழங்கும் கடைத்தெரு அன்று. நிலையத்திலிருந்து இறங்கினால் உடனே ஏறப் பேருந்து இல்லை. பல நிலையங்களில் மாலை மங்கியபின் தனியே நடக்கப் பெண்கள் அஞ்சினர். வேளச்சேரியைத் தொட்டபின் பயணிகள் பெருகினர். ஆனால் வேளச்சேரியோ, ரயில் வருவதற்கு முன்பே தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களின் வரவால் நிறையத் தொடங்கிவிட்ட ஊர். பாதை இருந்தும் வாயில் திறக்காவிட்டால் பயணி உள்ளே வரமாட்டார் என்பதே பறக்கும் ரயில் கற்பித்த பாடம்.

எங்கள் மாவட்டத்திலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகர், சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காகத் திட்டமிடப்பட்ட துணை நகரம். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அதன் அருகிலேயே செல்கின்றன. இருந்தும் தொடக்கத்தில் அது எண்ணிய விரைவில் நிரம்பவில்லை. 1990களில் மோட்டார் வாகனத் தொழிலும் அதனைச் சார்ந்த தொழில்களும் வந்தபின்னரே அவ்வூருக்கு உயிர் வந்தது. இதற்கு நேர்மாறாக, ரயிலே இல்லாமல் வளர்ந்த இடங்களும் உள்ளன. கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் நகரியமும் சாலையை நம்பியே எழுந்தன. தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பி, சிறுசேரி வரை சென்றன. அச்சாலைக்கு மெட்ரோ ரயில் திட்டம் அதன்பின்னரே வந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான வழித்தடம், மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது. அங்கே பயணிகள் பல ஆண்டுகள் சாலை நெரிசலிலே காத்துக் கிடந்தார்கள். பாதை மெல்ல வந்து சேர்கிறது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். இலண்டனின் முதல் நிலத்தடி ரயிலும், சென்னை டிராமும், பழைய மாமல்லபுரம் சாலை மெட்ரோவும் தேவையைப் பின்தொடர்ந்தவை. தாம்பரமும் ஒசாகாவும் பாதையைப் பின்தொடர்ந்து வளர்ந்தவை. பறக்கும் ரயிலின் தொடக்க ஆண்டுகளோ, பாதை மட்டும் போதாது என்பதற்குச் சான்று. ஆகவே ‘பாதை முதலா, பயணி முதலா’ என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எவற்றோடு சேர்த்து அந்தப் பாதை போடப்பட்டது என்று கேட்க வேண்டும்.

வளர்ச்சி என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தின் அருகே நூறு கடைகள் தோன்றினால், அவை நூறும் புதிதாகப் பிறந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. வேறு தெருவில் தோன்றியிருக்கக் கூடியவை இங்கே வந்திருக்கலாம். அது இடம் மாறிய வளர்ச்சியேயன்றிப் புதிய வளர்ச்சி ஆகாது. அடுத்து, ரயில் வரப்போகிறது என்ற செய்தி பரவிய அன்றே நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் யார் கைக்குச் செல்கிறது? பாதை போட்ட பொதுப்பணம் மக்கள் எல்லோருடையது. நிலத்தால் வரும் ஆதாயமோ நிலமுள்ள சிலருடையது. வாடகைக்குக் குடியிருந்தவர் அடுத்த ஊருக்குத் தள்ளப்படுகிறார். சப்பானில் அந்த ஆதாயத்தை ரயில் நிறுவனமே பெற்று ரயிலை நடத்தியது. நம் நாட்டில் அதனைப் பொதுநலத்திற்கு மீட்கும் வழியை நாம் இன்னும் செம்மையாகக் காணவில்லை.

இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும். மாம்பலத்து ஏரி மறைந்தது. வேளச்சேரி ஏரி சுருங்கியது. அதை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் இரையாயிற்று. இவற்றிற்கு ரயில் மட்டும் காரணம் அன்று. ஆனால் வளர்ச்சி வரும் வழியில் நீர் தங்கும் இடங்களுக்கு எல்லை கட்டாமல் விட்டதனால் வந்த வினையை, 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் அப்பகுதி மக்கள் கண்ணீரோடு கண்டார்கள்.

இப்போது என் மாணவியின் கதைக்கு வருகிறேன். அவள் நன்றாகத் தேறினாள். தாம்பரத்தை அடுத்த கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்தும் உள்ளே தள்ளியுள்ள ஒரு சிற்றூரில். விடியுமுன் எழுந்து முதல் பேருந்தைப் பிடித்து ஊருக்கு வந்து, அடுத்த பேருந்தில் செங்கல்பட்டுக்குச் சென்று, அங்கிருந்து ரயிலேற வேண்டும். ஒரு பேருந்து தவறினால் ரயில் தவறும். ரயில் தவறினால் முதல் வகுப்புத் தவறும். மாலையில் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். மகள் இருட்டிலே நடந்து வருவதைத் தாய் பொறுக்கவில்லை. ஓர் ஆண்டு முடிவதற்குள் படிப்பு நின்றுவிட்டது. செய்தி அறிந்து நான் அவள் வீட்டிற்குச் சென்றேன். “ஐயா, எங்கள் பக்கம் போக்குவரத்துத் தேவை இல்லை என்று கணக்கெடுத்திருப்பார்கள். போக முடியாதவர்களை யார் எண்ணினார்கள்?” என்று அவள் கேட்டாள். அன்று வகுப்பில் விரைந்து விடை சொன்ன எனக்கு, இன்று சொல்ல விடை இல்லை.

மாணவர்களே, இந்தக் கேள்விதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தியின் உயிர்நாடி. தேவை இருவகைப்படும். ஒன்று வெளிப்பட்ட தேவை. நிலையத்தில் விற்ற டிக்கெட்டுகளையும் பேருந்தில் தொங்கிச் செல்வோரையும் எண்ணினால் அது தெரியும். மற்றொன்று உறங்கும் தேவை. வழி இல்லாததனால் புறப்படாமலே இருந்துவிட்டவர்களின் தேவை அது. டிக்கெட்டுக் கணக்கில் அது ஏறாது. 1930-ஆம் ஆண்டு தாம்பரத்தில் நின்று யாரேனும் பயணிகளை எண்ணியிருந்தால், நாள்தோறும் சென்னைக்குச் செல்வோர் மிகச் சிலரே என்று எழுதியிருப்பார். அந்தக் கணக்கு பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. புதிய பாதை வெறுமையிலிருந்து எதையும் படைப்பதில்லை. முன்பே உறங்கிக் கிடந்த தேவையை எழுப்புகிறது. உறங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லாவிட்டால், எவ்வளவு உரத்து ஊதினாலும் எழுவதற்கு ஆள் இராது.

எழுந்தவர் நடந்து வர வழியும் வேண்டும். 2023-ஆம் ஆண்டு திசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் மிகப் பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ரயில் பாதை மிக அருகிலேயே செல்கிறது. ஆயினும் திறப்பு நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. அதற்கான கட்டுமானம் பின்னரே தொடங்கிற்று. மூட்டை முடிச்சுகளோடு நள்ளிரவில் வந்து இறங்கிய குடும்பங்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பேருந்தும் ரயிலும் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் என்பதைத் திட்டமிடுவோர் முன்கூட்டியே நினைத்தல் வேண்டும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரையில் கடற்கரையை ஒட்டி ரயில் பாதை போடும் திட்டமும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. அது நிறைவேறினால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வண்டியோசை கேட்கும். வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விரும்பவில்லை. நிலையம் எங்கே அமையும், அதிலிருந்து உள்ளூர்களுக்குப் பேருந்து எப்போது புறப்படும், ஏரிகளின் எல்லை முன்பே கல்நட்டுக் காக்கப்படுமா, நிலத்தின் ஆதாயத்தில் பொதுப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பங்கு உண்டா என்பனவற்றையும் சேர்த்தே கேட்கிறேன். எங்கள் மலைக்கு உச்சிவேளையில் வந்து சென்ற கழுகுகளை என் தலைமுறை கண்டது. இப்போது அவை வருவதில்லை. ஒருமுறை போய்விட்ட சில, எவ்வளவு வசதி வந்தாலும் திரும்பி வருவதில்லை என்பதை இவ்வூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாள் காலை நின்று, எத்தனை பேர் எங்கே செல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தெருவுக்குள் சென்று, படிப்பையோ வேலையையோ மருத்துவத்தையோ வழி இல்லாமையால் விட்டவர்கள் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் தாள் இன்றைய தேவையைக் காட்டும். இரண்டாம் தாள் நாளைய வளர்ச்சி எங்கே உறங்குகிறது என்பதைக் காட்டும். முதல் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விடை சொன்ன ஆசிரியன் நான். நீங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு விடை சொல்ல வேண்டும்.

அந்த மாணவி பின்னர் அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் பெற்றாள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. அக்குழந்தை கல்லூரிக்குச் செல்லும் நாளில், விடியுமுன் எழுந்து இருட்டிலே திரும்பும் நிலை அதற்கு இராது என்ற நம்பிக்கையோடு இப்பேச்சை முடிக்கிறேன்.